பணவீக்கம்னா விலை ஏறுறதா, பணம் பெருகுறதா? காரணம் மட்டும் ஏன் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க?

பொதுஜனம்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா பணவீக்கம் பத்தி தேடித்தேடிப் படிச்சிட்டு இருக்கேன், படிக்கப் படிக்க குழப்பம்தான் கூடுது. ஒருத்தர் விலைவாசி பொதுவா ஏறுறதுக்குப் பேருதான் பணவீக்கம்ங்கிறார். இன்னொருத்தர் அது தப்பு, பணம் பெருகுறதுதான் பணவீக்கம், விலை ஏறுறது அதோட விளைவு மட்டும்தான்ங்கிறார். மூணாவது ஆள் எண்ணெய் விலையைக் காட்டுறார், நாலாவது ஆள் கம்பெனிங்களோட லாபத்தைக் காட்டுறார். எல்லாத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்குன்னு மட்டும் பதில் சொல்லிட்டுப் போயிடாதீங்க, எதை எப்படி சோதிச்சுப் பாக்குறதுன்னு சொல்லுங்க.

தங்கத்தராசு:
நண்பரே, இதுல குழப்பமே இல்ல. 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல அரசாங்கம் தங்க ஆதரவு இல்லாம பேப்பர் பணம் அடிச்சப்ப, அந்தப் பணப் பெருக்கத்தைத்தான் பணவீக்கம்ங்கிற பேர்ல சொன்னாங்க. மைசஸ், ஹாஸ்லிட் மாதிரி பொருளாதார எழுத்தாளர்கள் எல்லாம் கடைசி வரைக்கும் இந்த அர்த்தத்துலதான் நின்னாங்க. பின்னாடி வந்தவங்க பேரைத் தூக்கி விலை மேல வச்சுட்டாங்க, அதனால யாருக்கு லாபம்னு யோசிங்க. விலை ஏறுறதுதான் வியாதின்னு சொல்லிட்டா பழி வியாபாரி மேல போகும், தொழிலாளி மேல போகும், வெளிநாட்டுக்காரன் மேல போகும், பணத்தை உருவாக்கினவன் மேல மட்டும் போகாது.

சந்தைவாசி:
நான் சரக்குப் போக்குவரத்து தொழில்ல இருக்கேன். 2021ல கன்டெய்னர் வாடகை எப்படி ஏறுச்சுன்னு கண்ணால பாத்தவன். துறைமுகத்துல கப்பல் வரிசைல நிக்குது, பெட்டி கிடைக்கல, பழைய வாடகையைப் போல பல மடங்கு கேக்குறாங்க, கேட்டதைக் குடுத்தாதான் சரக்கு நகரும்ங்கிற நிலைமை. இதுல நோட்டு அடிச்சது எங்க வருது? பொருள் வரல, அதனால விலை ஏறுச்சு, அவ்வளவுதான்.

தங்கத்தராசு:
சந்தைவாசி சார், அந்தக் கேட்டதைக் குடுக்க எல்லார்கிட்டயும் பணம் எங்கிருந்து வந்துச்சு? அமெரிக்காவுல 2020 ஆரம்பத்துல சுமார் 15 லட்சம் கோடி டாலரா இருந்த எம்2 பணம் (மக்கள் கைல இருக்குற நோட்டும் வங்கி டெபாசிட்டும் சேர்ந்த அளவு) 2022 ஆரம்பத்துல 21 லட்சம் கோடியைத் தாண்டுச்சு. ரெண்டே வருஷம். அப்புறம் 2022 ஜூன்ல விலைவாசி ஏத்தம் 9.1 சதவீதம். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

வட்டிக்கணக்கு:
இந்த சண்டை எங்க போனாலும் இதே இடத்துலதான் மாட்டிக்கும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல வரையறை. பேரு எதுக்கு வேணா வைக்கலாம், அதுல சரி தப்பு கிடையாது. ஆனா ஒரு பேரு வச்சதும் நமக்கு என்ன கைவிட்டுப் போகுதுன்னு பாக்கணும். பணம் பெருகுறதுக்கே பணவீக்கம்னு பேரு வச்சுட்டீங்கன்னா, பணவீக்கத்துக்குக் காரணம் பணம் பெருகுனதுங்கிற வாக்கியத்தை எந்தத் தரவாலயும் பொய்யாக்க முடியாது. அது கண்டுபிடிப்பு இல்ல, வரையறையையே திருப்பிச் சொல்றது. பணம் பெருகுனா விலை ஏறுமா, எவ்வளவு ஏறும், எவ்வளவு நாள் கழிச்சு ஏறும், எப்ப ஏறாமப் போகும், இதெல்லாம்தான் நமக்குத் தெரிய வேண்டிய கேள்வி. அதைக் கேக்கணும்னா ரெண்டுக்கும் ரெண்டு பேர் வேணும். அதனால நான் பணப்பெருக்கத்தைப் பணப்பெருக்கம்னே சொல்றேன், பொது விலைமட்டம் தொடர்ந்து ஏறுறதைப் பணவீக்கம்னு சொல்றேன். பணம்தான் காரணம்னு உலகம் பூரா சொன்ன மில்டன் ஃப்ரீட்மேனே பணவீக்கம்னா விலை நிலையா, தொடர்ந்து ஏறுறதுன்னுதான் எடுத்துக்கிட்டார். அவரு பணத்தை வரையறைக்குள்ள திணிக்கல, காரணமா முன்வச்சார், அதனாலதான் அவரோட வாதத்தை சோதிக்க முடிஞ்சது.

"தொடர்ந்து"ங்கிற சொல்லைக் கவனிங்க. ஒரு தடவை ஏறி நின்னுடுறது வேற, வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போறது வேற. சந்தைவாசி சொல்றது பெரும்பாலும் முதல் வகை. தங்கத்தராசு பயப்படுறது ரெண்டாவது வகை. ரெண்டு பேரும் வேற வேற ஆட்டத்தைப் பத்திப் பேசிட்டு ஒரே ஸ்கோர் போர்டைக் காட்டிச் சண்டை போடுறீங்க.

தங்கத்தராசு:
வரையறைக்குள்ள காரணத்தை வைக்கக்கூடாதுங்கிறது நியாயமான பேச்சு. சரி, உங்க அர்த்தத்துலயே பேசுவோம். பணம் பெருகாம தொடர்ந்து விலை ஏறுன நாடு ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

வட்டிக்கணக்கு:
காட்ட முடியாது, அதை நானும் மறுக்கல. பல வருஷம் பெரிய அளவுல விலை ஏறுன எல்லா இடத்துலயும் பணமும் ஏறியிருக்கு. ஆனா மறுபக்கம் கேளுங்க: பணம் பெருகியும் விலை ஏறாத நாடு இருக்கா? இருக்கு. அமெரிக்க மத்திய வங்கியோட இருப்புநிலைக் கணக்கு 2008 நடுவுல சுமார் 90 ஆயிரம் கோடி டாலர், 2014 கடைசில 4.5 லட்சம் கோடி டாலர். அஞ்சு மடங்கு. அந்தக் காலத்துல பெரிய பணவீக்கம் வரப்போகுதுன்னு எத்தனை பேர் அடிச்சு சொன்னாங்க! விலைவாசி ரெண்டு சதவீத இலக்கைத் தொடுறதுக்கே தடுமாறுச்சு. ஜப்பான்ல 2013 ஏப்ரல்லேர்ந்து மத்திய வங்கி வாங்காத அரசுப் பத்திரம் இல்ல, 2018ல அதோட சொத்துக் கணக்கு நாட்டோட மொத்த வருஷ உற்பத்தியையே தாண்டுச்சு, இலக்கு வச்ச ரெண்டு சதவீதம் மட்டும் அந்த வருஷங்கள்ல நிலைக்கவே இல்ல.

கூட்டல்கழித்தல்:
ஏன் ஏறலங்கிறதை நான் சொல்றேன், எனக்கு வங்கிக் கணக்குதான் வேலை.

மத்திய வங்கி ஒரு வங்கிகிட்டேர்ந்து பத்திரம் வாங்குதுன்னு வைங்க. வங்கியோட ஏட்டுல என்ன நடக்கும்? சொத்துப் பக்கம் "பத்திரம் 100"ங்கிற வரி போயிடும், அந்த இடத்துல "மத்திய வங்கில இருப்பு 100"னு ஒரு வரி வரும். டெபாசிட் பக்கம் ஒண்ணுமே மாறாது. பொதுமக்கள் யாரோட அக்கவுண்ட்லயும் ஒரு பைசா கூடாது. அந்த இருப்பை எடுத்து வெளில செலவும் பண்ண முடியாது, வங்கிங்க தங்களுக்குள்ள கை மாத்திக்கலாம், அவ்வளவுதான். 2008 அக்டோபர்லேர்ந்து அமெரிக்க மத்திய வங்கி அதுக்கு வட்டியும் குடுக்க ஆரம்பிச்சதால வங்கிங்க அப்படியே வச்சுக்கிட்டாங்க.

இப்ப கடன் குடுக்குறதைப் பாருங்க. நீங்க 100 கடன் கேக்குறீங்க, வங்கி சரின்னு சொன்ன நிமிஷம் ஏட்டுல சொத்துப் பக்கம் "உங்க கடன் 100", பொறுப்புப் பக்கம், அதாவது வங்கி திருப்பிக் குடுக்க வேண்டிய பக்கம், "உங்க டெபாசிட் 100". அந்த டெபாசிட் அதுக்கு முன்னாடி எங்கயுமே இல்ல, அப்பதான் பிறந்துச்சு, நீங்க அதை எடுத்துட்டுப் போய் செலவு பண்ணுவீங்க. பணம் பெரும்பாலும் உருவாகுறது இப்படித்தான், அச்சகத்துல இல்ல. அடிச்சான் அடிச்சான்னு எல்லாரும் சொல்ற நோட்டு மொத்தப் பணத்துல சின்னப் பங்கு.

2020ல நடந்தது வேற. அரசாங்கமே கடன் வாங்கி மக்களோட அக்கவுண்ட்ல நேரா போட்டுச்சு, அந்தப் பத்திரத்தை மத்திய வங்கி சந்தைல வாங்கிக்கிச்சு. இந்த தடவை டெபாசிட் பக்கம்தான் வீங்குச்சு. அதனால 2008க்கு அப்புறமும் அடிச்சாங்க 2020லயும் அடிச்சாங்கன்னு ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டுறது சரி கிடையாது.

பொதுஜனம்:
கூட்டல்கழித்தல் சார், இந்த ஏட்டுக் கணக்கை இவ்வளவு தெளிவா யாரும் எனக்கு சொன்னதில்ல, நன்றி. அப்ப பணத்தோட வேகம்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

கூட்டல்கழித்தல்:
இர்விங் ஃபிஷர்ங்கிற பொருளாதார அறிஞர் 1911ல எழுதிவச்ச சமன்பாடு அது. பணத்தோட அளவை அது ஒரு வருஷத்துல எத்தனை தடவை கைமாறுதோ அந்த வேகத்தால பெருக்குனா, விலைமட்டத்தை மொத்த வியாபாரத்தால பெருக்குனதுக்கு சமம். இது எப்பவுமே உண்மை, ஏன்னா செலவு பண்ண காசும் விற்ற காசும் ஒண்ணுதான். வேகம் மாறாம இருந்தா பணம் கூடக்கூட விலை கூடும். ஆனா வேகம் மாறும். மக்கள் பயந்து பணத்தைப் பிடிச்சு வச்சா வேகம் விழும், பணத்தை நம்பாம கைல வந்ததும் தள்ளிவிட்டா வேகம் பிச்சுக்கும்.

மாலைநேரம்:
இதெல்லாம் சரிங்க, ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. கம்பெனிங்க லாபம். பன்னாட்டு நாணய நிதியத்து (ஐஎம்எஃப்) ஆய்வாளர்களே 2023ல எழுதினாங்க, யூரோ மண்டலத்துல 2022லேர்ந்து ஏறுன விலைல கிட்டத்தட்ட பாதி லாபம் கூடுனதாலன்னு. உள்ளீட்டு செலவு 10 ரூபா கூடுனா 15 ரூபா ஏத்துறான், எல்லாரும் ஏத்துறதால எவனுக்கும் வாடிக்கை குறையல. ஏழை வீட்டுலதான் அடி விழுது. இதை யாரும் வாயத் திறந்து பேச மாட்டேங்கிறீங்க.

தங்கத்தராசு:
பேராசை 2019ல இல்லையா? 2015ல இல்லையா? எப்பவும் இருக்குற ஒண்ணு எப்படிங்க திடீர்னு வந்த மாற்றத்துக்குக் காரணமாகும்?

மாலைநேரம்:
பேராசை மாறல, வாய்ப்பு மாறுச்சு. சாதாரண நாள்ல ஒருத்தன் மட்டும் ஏத்துனா பக்கத்துக்காரன்கிட்ட கூட்டம் போயிடும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல செலவு ஏறும்போது போட்டிக்காரனும் ஏத்தப்போறான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கலந்து பேச வேண்டிய அவசியமே இல்ல. அதோட சரக்கு தட்டுப்பாடு இருக்கும்போது விலையைக் குறைச்சு வாடிக்கையை இழுத்தாலும் குடுக்க அவன்கிட்ட சரக்கு கிடையாது. இது வெறும் அறச்சீற்றம் இல்ல, சந்தை எப்படி வேலை செய்யுதுங்கிறதுதான்.

வட்டிக்கணக்கு:
மாலைநேரம் சொல்ற வாய்ப்பு வாதம் வலுவானது, அதை ஒதுக்க முடியாது. ஆனா அந்தப் பாதிங்கிற எண்ணை எச்சரிக்கையாப் படிங்க. அந்த ஆய்வு பண்ணது ஒரு கணக்குப் பிரிப்பு: ஏறுன விலைல கூலிக்கு எவ்வளவு போச்சு, லாபத்துக்கு எவ்வளவு, இறக்குமதிக்கு எவ்வளவுன்னு. காசு யார் பைக்குப் போச்சுன்னு அது சொல்லும். யாரு தொடங்கி வச்சாங்கன்னு சொல்லாது. தேவை எகிறி சரக்கு பத்தாமப் போனாலும் முதல்ல வீங்குறது லாபம்தான், ஏன்னா கூலி ஒப்பந்தம் பின்னாடிதான் மாறும். யார் தலைல பாரம் விழுந்துச்சுங்கிற கேள்விக்கு அது நல்ல சாட்சி, அந்தக் கேள்வி முக்கியமும் கூட.

சந்தைவாசி:
அப்ப எண்ணெய்? 1973ல பேரல் 3 டாலர் பக்கம் இருந்தது கொஞ்ச மாசத்துல 12 டாலர் பக்கம் போச்சு, அதுக்கப்புறம்தான் உலகம் பூரா விலை எகிறுச்சு. இதையும் பணம்னு சொல்லிடுவீங்களா?

வட்டிக்கணக்கு:
சார், நீங்க கேட்டதுதான் இருக்குறதுலயே நல்ல சோதனை, ஏன்னா எண்ணெய் விலை எல்லா நாட்டுக்கும் ஒரே நேரத்துல ஏறுச்சு. எண்ணெய் மட்டுமே காரணம்னா எண்ணெயை இறக்குமதி பண்ற எல்லா நாட்டுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி விலை ஏறியிருக்கணும். ஆனா பாருங்க. பிரிட்டன்ல 1975ல வருஷ சராசரி 24 சதவீதம். மேற்கு ஜெர்மனில அந்த வருஷங்கள்ல உச்சமே 7 சதவீதம் பக்கம்தான். ஒரே எண்ணெய், ஒரே டாலர் விலை. ஜெர்மன் மத்திய வங்கி இறுக்கிப் பிடிச்சுது, அடுத்த வருஷத்துக்கு இவ்வளவுதான் பணம் வளரலாம்னு 1974 டிசம்பர்லயே வெளிப்படையா அறிவிச்சுது. பிரிட்டன்ல கூலியும் விலையும் ஒண்ணையொண்ணு துரத்த விட்டுட்டாங்க.

அதைவிட அழகான சாட்சி ஜப்பான். முதல் எண்ணெய் அதிர்ச்சில 1974ல அங்க விலை 23 சதவீதம் ஏறுச்சு. 1979ல ரெண்டாவது அதிர்ச்சி வந்தப்ப 1980ல 8 சதவீதத்துக்குள்ளயே முடிஞ்சது. அதே நாடு, அதே மாதிரி எண்ணெயை நம்பி இருக்குற தொழில். மாறுனது என்னன்னா மத்திய வங்கி முன்கூட்டியே வட்டியை ஏத்துச்சு, தொழிற்சங்கங்களும் கூலிக் கோரிக்கையை அடக்கி வச்சாங்க.

அதனால எண்ணெய் தீயை மூட்டும், ஆனா அது காடு பூரா பரவுமா ஒரு மரத்தோட நிக்குமாங்கிறதை நாட்டுக்குள்ள எடுக்குற முடிவுதான் தீர்மானிக்குது.

சந்தைவாசி:
இது யோசிக்க வைக்குது. ஆனா வட்டியை ஏத்தி அடக்குனா அந்த எண்ணெய் ஏத்துன செலவு எங்க போகும்? யாரோ ஒருத்தன் தொழிலை மூடணும் இல்லையா? அதையும் சேர்த்து சொல்லுங்க.

மாலைநேரம்:
கரெக்ட். அமெரிக்க மத்திய வங்கித் தலைவரா இருந்த பால் வோல்க்கர் கதையை எல்லாரும் வெற்றிக் கதையா சொல்றாங்க. 1980 மார்ச்ல 14.8 சதவீதமா இருந்த பணவீக்கம் 1983ல 3 சதவீதம் பக்கம் வந்துச்சு, உண்மைதான். அதுக்கு வட்டி 20 சதவீதத்தைத் தொட்டுச்சு, 1982 கடைசில வேலையில்லாதவங்க 10.8 சதவீதம். டாலர்ல கடன் வாங்கியிருந்த லத்தீன் அமெரிக்க நாடுங்க வட்டி கட்ட முடியாம விழுந்துச்சு, 1982 ஆகஸ்ட்ல மெக்சிகோ கையைத் தூக்கிடுச்சு. பணவீக்கத்துக்குக் காரணம் எதுன்னு சொல்றோமோ அதை வச்சுதான் மருந்து யாருக்குக் கசக்கணும்னு முடிவாகுது. அதனாலதான் இந்த விவாதத்தை நான் வெறும் புத்தக விஷயமா பாக்கல.

பொதுஜனம்:
இதுவரைக்கும் நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க: விலை ஒரு தடவை குதிக்கிறதுக்குக் காரணம் பல இருக்கலாம், தொடர்ந்து ஏறணும்னா பணமும் கூட வரணும். அப்ப கடைசில தங்கத்தராசு சொல்றதுதான் ஜெயிக்குதா?

தங்கத்தராசு:
அதைத்தானே முதல்லேர்ந்து சொல்றேன். எங்கயும் எப்பவும் பணவீக்கம் பணம் சம்பந்தப்பட்ட நிகழ்வுன்னு ஃப்ரீட்மேன் 1963லயே சொல்லிட்டார்.

வட்டிக்கணக்கு:
அதுல பாதிதான் ஊருக்குத் தெரியும். 1970 உரைல அவர் அதை விளக்கும்போது, உற்பத்தியைவிட வேகமா பணம் பெருகும்போதுதான் அது உண்டாகும்னு சேர்த்துச் சொன்னார். அந்த உற்பத்திங்கிற பாதியை விட்டா ஜிம்பாப்வே புரியாது. அங்க 2000க்கு அப்புறம் விவசாய உற்பத்தி சரிஞ்சது, ஏற்றுமதி போச்சு, வரி வருமானம் போச்சு, செலவு மட்டும் நிக்கல, அந்த ஓட்டையை மத்திய வங்கி அடைச்சுது. 2009 ஜனவரில 100 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் நோட்டு வெளியிடுற வரைக்கும் போச்சு. நோட்டு அடிச்சதுன்னு மட்டும் சொன்னா அது முழுப் பதில் ஆகாது, ஏன் அடிக்க வேண்டி வந்துச்சுன்னு கேக்கணும்.

அங்கதான் நான் ஃப்ரீட்மேன் கோஷ்டிகிட்டேர்ந்து பிரியுறேன். ஜெர்மனியை எடுத்துக்குங்க. 1923 ஜனவரில பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூர் பகுதியைப் பிடிச்சது, வேலைக்குப் போகாம எதிர்ப்பு காட்டுன தொழிலாளிகளுக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்துச்சு, வரி வருமானம் கிடையாது, அச்சகம்தான் ஓடுச்சு. நவம்பர்ல 1 டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அப்பவே இதே சண்டை நடந்துச்சு தெரியுமா? ஹெல்ஃபெரிக் மாதிரி ஜெர்மன் அரசியல்வாதிங்க, போர் இழப்பீடு கட்டுறதால மார்க்கோட மதிப்பு விழுது, அதனால இறக்குமதி விலை ஏறுது, விலை ஏறுனதால நோட்டு பத்தல, அதனாலதான் அடிக்கிறோம்னு சொன்னாங்க. ஆங்கில, அமெரிக்க நிபுணர்கள் தலைகீழா, நோட்டுதான் முதல்னு சொன்னாங்க.

முடிவு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1923 நவம்பர் 15ல ரென்டன்மார்க்ங்கிற புதுப் பணம் வந்துச்சு, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒண்ணு. மத்திய வங்கி அரசாங்கத்துக்குக் கடன் குடுக்குறதை நிறுத்துச்சு, அரசு ஊழியர்கள்ல பெரிய பங்கை வேலையவிட்டு அனுப்பினாங்க, ரூர்ல குடுத்த சம்பளம் ஏற்கனவே நின்னுபோச்சு, பட்ஜெட் சமநிலைக்கு வந்துச்சு. விலை உடனே நின்னுச்சு. ஆனா புழக்கத்துல இருந்த பணம்? அது நிக்கல. அதுக்கப்புறமும் பல மாசம் ஏறிக்கிட்டே போச்சு, பல மடங்கு. பொருளாதார அறிஞர் தாமஸ் சார்ஜென்ட் 1982ல ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, போலந்து நாலையும் எடுத்து வச்சு காட்டுனது இதைத்தான். மக்கள் மறுபடியும் பணத்தைக் கைல வச்சுக்கத் துணிஞ்சதால அந்தப் புதுப் பணம் விலையை ஏத்தல. இந்தப் பணத்துக்குப் பின்னாடி நாளைக்கு வரியும் பத்திரமும் இருக்கு, வெறும் அச்சகம் இல்லைன்னு நம்பிக்கை வந்ததுதான் திருப்பம். நான் சொல்ல வர்றதும் இதுதாங்க: பணத்தோட அளவை மட்டும் எண்ணுனா பத்தாது, அந்தப் பணத்தைக் கேக்குறது யாரு, அரசாங்கம் தன் கடனை நாளைக்கு எதை வச்சு அடைக்கும்னு மக்கள் நினைக்கிறாங்க, இந்த ரெண்டையும் பாக்கணும்.

தங்கத்தராசு:
பணம் கூடியும் விலை நின்னதுக்கு வேகம் குறைஞ்சது காரணம்னு ஃபிஷர் சமன்பாடே சொல்லுமே?

வட்டிக்கணக்கு:
சொல்லும். வேகம் ஏன் அன்னைக்குன்னு பாத்து குறைஞ்சதுங்கிறதைத்தான் சொல்லாது. அதான் என் மொத்தக் கேள்வியும்.

நடுப்பக்கம்:
இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். மக்களோட நம்பிக்கை, எதிர்பார்ப்புன்னதும் பிரேசில் கதை சொல்லாம இருக்க முடியல, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதுதான்.

1993ல அங்க விலை ஏத்தம் வருஷத்துக்கு 2,400 சதவீதத்துக்கு மேல. அதுக்கு முன்னாடி 1986ல விலையை உறைய வச்சுப் பாத்தாங்க, கொஞ்ச மாசத்துல கடைல பொருளே இல்லாமப் போய் திட்டம் உடைஞ்சது. 1990ல மக்களோட டெபாசிட்டையே முடக்கிப் பாத்தாங்க, அதுவும் ஓடல. பிரச்சினை என்னன்னா எல்லா ஒப்பந்தமும், வாடகை, சம்பளம், தவணை எல்லாமே போன மாச விலை ஏத்தத்தோட கட்டப்பட்டிருந்துச்சு. நேத்து ஏறுனதால இன்னைக்கு ஏறும், இன்னைக்கு ஏறுனதால நாளைக்கு. வேற காரணமே தேவையில்ல.

1994 மார்ச் 1ல யுஆர்வின்னு ஒரு கணக்கு அலகு கொண்டுவந்தாங்க. அது நோட்டு கிடையாது, நாணயம் கிடையாது, சும்மா ஒரு அளவுகோல். டாலரை ஒட்டியே வச்சிருந்தாங்க, இன்னைக்கு ஒரு யுஆர்வி இத்தனை குருசெய்ரோன்னு (அப்ப புழக்கத்துல இருந்த பணம்) தினமும் அரசாங்கம் அறிவிக்கும். சம்பளத்தை யுஆர்வில எழுதுனாங்க, ஒப்பந்தத்தை யுஆர்வில எழுதுனாங்க. ஒரு பொருளோட விலை போன வாரமும் 5 யுஆர்வி, இந்த வாரமும் 5 யுஆர்வி, குடுக்குற குருசெய்ரோ மட்டும் தினம் கூடுது. விலை நிலையா இருக்கும்ங்கிறதை மக்கள் மாசக்கணக்குல கண்ணால பாத்துப் பழகுனாங்க. ஜூலை 1ல ஒரு யுஆர்வி 2,750 குருசெய்ரோல நின்னப்ப, அதையே ரியால்னு புதுப் பணமா மாத்திட்டாங்க. ஜூன்ல ஒரே மாசத்துல 47 சதவீதம், ஜூலைல 7 சதவீதத்துக்குள்ள, ஆகஸ்ட்ல 2 சதவீதத்துக்கும் கீழ. கூடவே பட்ஜெட்டையும் கட்டுப்படுத்துனாங்க, வட்டியும் மிக அதிகமா வச்சாங்க, அதெல்லாம் இல்லாம இது நின்னிருக்காது. ஆனா பழக்கத்தை உடைச்சது அந்த அளவுகோல்தான்.

பொதுஜனம்:
அருமைங்க! இது மாதிரி ஒண்ணு நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.

சந்தைவாசி:
எனக்கும் ஒரு கேள்வி. பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு செய்தில சொல்றாங்க, எதுவுமே விலை குறையலையே? பொய் சொல்றாங்களா?

கூட்டல்கழித்தல்:
பொய் இல்ல. விலைக் குறியீட்டு எண் முதல் வருஷம் 100, அடுத்த வருஷம் 110, அதுக்கடுத்த வருஷம் 113.3னு வைங்க. முதல்ல 10 சதவீதம், அப்புறம் 3 சதவீதம். வேகம் குறைஞ்சது, ஏறுன 10 இறங்கல. சம்பளம் அந்த 13.3ஐப் பிடிக்கிற வரைக்கும் வலி இருக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு, அந்த எண் உங்களோட எண் கிடையாது. ஒரு வீட்டுல செலவுல பாதி சாப்பாட்டுக்குப் போகுது, இன்னொரு வீட்டுல அஞ்சுல ஒரு பங்கு. சாப்பாடு 20 சதவீதமும் மத்ததெல்லாம் 2 சதவீதமும் ஏறுச்சுன்னா முதல் வீட்டுக்கு 11 சதவீதம், ரெண்டாவது வீட்டுக்கு 5.6. அறிவிக்கிற எண் எல்லாரோட செலவையும் கூட்டி எடுக்குறது, அதுல அதிகம் செலவு பண்றவங்களோட எடை தானாவே கூடிடும். மாலைநேரம் ஏழை வீடுன்னு சொன்னாங்களே, அந்த வீட்டோட பணவீக்கம் பல சமயம் அந்த எண்ணைவிடப் பெருசு.

மாலைநேரம்:
இதை ஒவ்வொரு மாசமும் வருமான வாரியா பிரிச்சு வெளியிட்டா என்ன? மத்திய வங்கிங்க உணவையும் எரிபொருளையும் கழிச்ச மைய எண்ணை மட்டும் உத்துப் பாக்குறது எனக்கு ஆத்திரமா வருது. ஏழை செலவு பண்றதே அந்த ரெண்டுலதான்.

வட்டிக்கணக்கு:
உங்க ஆத்திரம் நியாயம், வருமான வாரியா வெளியிடணும்னுதான் நானும் நினைக்கிறேன். மைய எண் எதுக்குன்னா, அடுத்த வருஷம் எந்தப் பக்கம் போகும்னு கணிக்க. உணவும் எரிபொருளும் ஒரு மாசம் ஏறும் ஒரு மாசம் இறங்கும், அந்த ஆட்டத்தைக் கழிச்சாதான் அடியில ஓடுற போக்கு தெரியும். வாழ்க்கைச் செலவை அளக்க அதை எடுக்கவே கூடாது. சம்பள உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் யாராவது மைய எண்ணைக் காட்டுனா அங்க சண்டை போடுங்க.

தங்கத்தராசு:
எல்லாம் பேசிட்டோம், நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட மாட்டேன். 1755ல வெளிவந்த தன்னோட கட்டுரைல ரிச்சர்ட் கான்டில்லான் சொன்னது: புதுப் பணம் எல்லார் கைக்கும் ஒரே நேரத்துல வராது. சுரங்கத்துக்காரன் கைக்கு முதல்ல வரும், அவன் பழைய விலைல வாங்குவான், கடைசில வாங்குறவனுக்குப் புது விலை மட்டும்தான் மிஞ்சும். 2020லேர்ந்து 2022 நடுவு வரைக்கும் அமெரிக்காவுல வீட்டு விலை 40 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, மத்திய வங்கி 2022 மார்ச் வரைக்கும் வீட்டுக்கடன் பத்திரத்தை வாங்கிக்கிட்டு இருந்துச்சு. வீடு வச்சிருந்தவன் பணக்காரன் ஆனான், வாங்கலாம்னு காசு சேர்த்தவன் பின்னாடி போனான். உங்க நுகர்வோர் விலைக் குறியீட்டுல இது வந்துச்சா? நீங்க எந்த வரையறை வேணா வைங்க, இந்த ஆளை அது பாக்கணும்.

நடுப்பக்கம்:
இதுக்கு நான் முழுசா கை தட்டுறேன். எல்லாருக்கும் சராசரியா ஏறுச்சுங்கிறதுக்குப் பின்னாடி யாரு முந்துனா யாரு பிந்துனாங்கிறது மறைஞ்சு போயிடுது.

கூட்டல்கழித்தல்:
குறியீட்டுல ஏன் வரலன்னா, வீட்டை அது முதலீடா எடுத்துக்குது. 1983லேர்ந்து அமெரிக்கக் குறியீட்டுல வீட்டு விலை கிடையாது, சொந்த வீட்டுல இருக்குறவங்க அதே வீட்டை வாடகைக்கு எடுத்தா எவ்வளவு குடுப்பாங்கங்கிற மதிப்பைத்தான் போடுறாங்க. யூரோ மண்டலத்தோட ஒத்திசைந்த குறியீட்டுல அந்த மதிப்பும் கிடையாது, உண்மையா வாடகை குடுக்குறவங்களோட வாடகை மட்டும்தான்.

அந்த வாடகை எண்ணும் தாமதமாத்தான் நகரும். புதுசா குடி போறவங்க இன்னைக்கு சந்தை வாடகை குடுப்பாங்க, ஏற்கனவே இருக்குறவங்களுக்கு ஒப்பந்தம் முடியுற வரைக்கும் பழைய வாடகை. குறியீடு ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்குறதால, 2021ல புது ஒப்பந்தத்துல எகிறுன வாடகை அமெரிக்கக் குறியீட்டுல முழுசா தெரிஞ்சது 2023 ஆரம்பத்துலதான், அதுக்குள்ள புது ஒப்பந்த வாடகை குளிர்ந்தே போச்சு. பொதுஜனம், நீங்க சோதிச்சுப் பாக்குறது எப்படின்னு கேட்டிருந்தீங்க இல்லையா, முதல் வேலையா உங்க நாட்டுக் குறியீட்டுல வீட்டுச் செலவை எப்படி எடுக்குறாங்க, அதுக்கு எவ்வளவு எடை குடுக்குறாங்கன்னு புள்ளிவிவரத் துறை வெளியிடுற அட்டவணைல பாருங்க, எத்தனை வருஷத்துக்கு முந்தின செலவுக் கணக்கெடுப்பை வச்சு அந்த எடையைப் போட்டிருக்காங்கன்னும் அதுலயே இருக்கும்.

பொதுஜனம்:
பாத்துட்டு இங்கயே போடுறேன் சார்.